புறம்போக்கில் ஒரு கடல்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காடு புகுந்த காலம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு மலையேறிவிட்டது. காப்புக்காட்டுப் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடி வெளியே வந்து, நெடுஞ்சாலையில் வண்டியில் அடிபட்டால்தான் செய்தித்தாளில் இடம்பிடிக்கின்றன. ஆனாலும் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வேட்டைக்காரர்கள் வருவது நின்றபாடில்லை. தோளில் ஒரு துணிப்பை, இடுப்பில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. அவர்கள் தேடி வருபவை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனவை: சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள், பெலெம்னைட்டுகள், சிப்பிகள், சுறாப் பற்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டைனோசர் எலும்பின் துண்டு.

வேட்டை என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள், இவர்கள் பயணத்துக்குத் தயாராவதைப் பார்க்க வேண்டும். கொலராடோ மலைகளில் எல்க் மானைத் தேடிப் போகிறவர்கள் செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்கு ஏப்ரலுக்குள் விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் அனுமதிச் சீட்டு வாங்கி, மாதக்கணக்கில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். எது அரசு நிலம், எது தனியார் பண்ணை, தண்ணீர் எங்கே, ஏற்றம் எங்கே என்பதெல்லாம் வீட்டிலேயே முடிவாகிவிடும். பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்ற ஊருக்குக் கல் தேடி வருபவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார். ஒரே வித்தியாசம், இவருடைய இரை ஓடாது. அதனாலேயே அது இருந்த இடம்தான் அதன் முழு மதிப்பும்.

நிலத்தின் கிடப்பு இந்த வேட்டைக்கு ஒத்தாசையானது. மேற்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பது மிகப் பழைய கடும்பாறை. அதன் மேல் சாய்ந்தாற்போலக் கிழக்கே ஊட்டத்தூர், காரை, குளக்கநத்தம் என்று பழங்கடலின் சேறு. அதற்கும் கிழக்கே கருடமங்கலம் வட்டாரத்துச் சிப்பிப் பாறைகள். பிறகு அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். அரியலூரைத் தாண்டினால் கல்லமேடு, கடைசியில் நின்னியூர். அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்திருக்கின்றன. அதனால் அந்த நெடுஞ்சாலைமேல் உள்ள பாடாலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கிழக்கே போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, காலத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து கடல் உள்ளே ஏறிய நாட்கள் மேற்கே. டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த சுண்ணாம்பு கிழக்கே நின்னியூரில். இடையில் ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம், வழியில் மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும் சின்ன வெங்காய வயலும் குறுக்கிடும் என்பதைத் தவிர.

இந்த வரிசையை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவருக்கு முன்பே, 1840-களில், கம்பெனி அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய சிப்பிகளை லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை 1846-இல் விவரித்தார். பிளான்ஃபோர்டு 1850-களின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக வந்து, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் சிறு திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் உள்ளன. இதே மனிதர்தான் பிற்பாடு இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை 1884-இல் எழுதியவரும் அவரே. காரையில் எந்த மாதம் வேலை செய்ய முடியும், எந்த மாதம் முடியாது என்று அனுபவித்தவருக்கு மழைமேல் அக்கறை வந்ததில் ஆச்சரியம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இது வெறும் ஊகம்தான்.

சேகரித்த பெட்டிகள் கல்கத்தாவுக்குப் போயின. மொராவியாவிலிருந்து வந்த இளைஞர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் காலத்து உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். 1873-இல் அந்த வேலை முடிந்தது. அடுத்த ஆண்டே யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்துபோனார். வயது 36. அதன் பிறகு 1890-களில் வியன்னாவின் ஃப்ரான்ஸ் கோஸ்மட் இங்கிருந்து போன அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்தபோது, ஓர் இனத்துக்குக் கரப்பாடி என்ற சின்ன ஊரின் பெயரையே வைத்தார். அந்தப் பெயரை வியன்னாவிலும் மடகாஸ்கரிலும் அறிந்தவர்கள் உண்டு. கரப்பாடியில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய நூல்களை வைத்துக்கொண்டு திட்டமிடுகிறவர் ஒரு சிறு சிக்கலைச் சமாளிக்க வேண்டும். அவற்றில் எல்லாமே ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் திரும்பவும் பிரிந்தது. ஆகவே மாவட்டப் பெயரை நம்பாமல் ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதே நல்லது. அதிலும் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டலை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

பருவம் என்று பார்த்தால் தை, மாசிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைக் களிமண் நெகிழ்ந்து, செருப்போடு சேர்த்து ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரையில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. மழை ஓய்ந்து தரை இறுகியதும் போனால், அந்த வருஷத்து வெள்ளம் அரித்துப் புதிதாக வெளிக்கொண்டுவந்தவை அப்படியே மேலே கிடக்கும். மழைதான் இங்கே தோண்டுகிற ஆள். அந்த மழைத்தண்ணீரை ஓடைகளெல்லாம் சேர்த்துக்கொண்டு போகிற மருதையாறு, 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் பாலத்தையே சாய்த்து லால் பகதூர் சாஸ்திரியைப் பதவி விலக வைத்த ஆறு. மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் அதைப் பார்த்து யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

காரையின் தரையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வெளிறிய மஞ்சளும் செம்மையும் கலந்த களிமண் மேடுகள், அவற்றின் ஊடே முழங்கால் ஆழத்திலிருந்து ஆள் ஆழம் வரை வெட்டுண்ட ஓடைகள். புல் பூண்டு அதிகமில்லை. வெயில் சாய்வாக விழும்போது தரை முழுவதும் மின்னும். குனிந்தால், கண்ணாடிச் சில்லு மாதிரித் தெரிந்தவை ஜிப்சம் தகடுகள், நகத்தால் கீறினாலே கோடு விழும். களிமண்ணிலிருந்த கந்தகமும் சிப்பிகளின் சுண்ணாம்பும் தண்ணீரில் கரைந்து சேர்ந்தது அது. அவற்றின் நடுவே, பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கும் குறைவாக, ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா போல ஒன்று கிடக்கும். அதுதான் பெலெம்னைட். கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. சதையெல்லாம் போய் இது மட்டும் மிஞ்சியது. உடைந்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து ஊசி ஊசியாக வெளிப்புறம் ஓடும் கால்சைட் படிகங்களும், அவற்றைக் குறுக்கே வெட்டும் வளர்ச்சி வளையங்களும் தெரியும். அந்த வளையங்களின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து, அன்றைய கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்ல முடிகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அது எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ஷோகேஸில் இருக்கும் பெலெம்னைட்டால் இதைச் சொல்ல முடியாது.

யார் நிலம் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகம் என்ற ஒரே துறையின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. எல்க் வேட்டைக்காரர் நடக்கும் அதே நிலத்தில் சாதாரணச் சிப்பி, இலைப் படிவங்களைச் சொந்த ஆசைக்கு அளவாகப் பொறுக்கிக்கொள்ளலாம். கல்லான மரமென்றால் நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோ, ஆண்டுக்கு 113 கிலோ. முதுகெலும்புள்ள பிராணியின் எலும்போ பல்லோ என்றால் ஆய்வு அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. புவிப்பாரம்பரியத் தலங்களைக் காக்க ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அது வரைவாகவே நிற்கிறது. காரை–குளக்கநத்தம் களிமேடுகள் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் இருக்கிறது, வேலி இல்லை.

ஆகவே இங்கே திட்டமிடுவது என்றால் கிராம நிலங்களின் அ-பதிவேட்டைப் பார்ப்பது. புல எண் தெரிந்தால் இணையத்திலேயே எடுத்துவிடலாம். அரசுப் புறம்போக்கா, மேய்க்கால் புறம்போக்கா, ஓடையா, காப்புக்காடா, பட்டாவா? காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி. பட்டா என்றால் உழவரிடம் ஒரு வார்த்தை. சுரங்கக் குத்தகை நிலம் என்றால் சிமெண்ட் ஆலையின் அனுமதிக் கடிதம், தலைக்கவசம், வெடி வைக்கும் நேரம் பற்றிய எச்சரிக்கை. ஓடைப் புறம்போக்கு என்றால் காகிதத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை ஊருக்குள் நுழைந்ததும் தொடங்கும். கையில் வரைபடமும் சுத்தியலுமாக ஓர் ஆள் நடந்தால், ஆடு மேய்ப்பவர் முதலில் கேட்பது, “ஏங்க, சர்வே எடுக்க வந்தீங்களா? நெலத்த எடுக்கப் போறாங்களா?” என்றுதான். அரியலூர் வட்டாரத்தில் கல்லைத் தட்டிப் பார்க்கிறவர் சிமெண்ட் கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும். பல ஊர்களின் அனுபவம் அது. “இல்லண்ணே, பழைய காலத்து நத்தை, சிப்பி பார்க்க வந்தோம்” என்றால் சந்தேகம் முழுவதும் தீராது. ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் அவரே, “அந்த ஓடைக்குள்ள போங்க, அங்கதான் சுருட்டக் கல்லா கெடக்கும்” என்று கைகாட்டிவிடுவார். நூலில் இல்லாத இடங்கள் பல இப்படித்தான் தெரியவருகின்றன.

அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்று நிலவியலாளர்கள் சொல்வது பெரும்பகுதி சிப்பி ஓடுதான். கிரைஃபியா, ஐனோசெராமஸ் என்று தடித்த ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து இறுகிய படுகை. கலியுக வரதராசப் பெருமாள் ஒரு கல் கம்பமாக நின்று அருள்பாலிக்கும் அதே கல்லங்குறிச்சி. இந்தக் கல்லை நம்பித்தான் அரசின் டான்செம் ஆலையும் பிற தனியார் ஆலைகளும் இங்கே வந்தன. சென்னையில் அரியலூர் சிமெண்டால் வீடு கட்டியவர்கள் ஏழு கோடி ஆண்டுச் சிப்பிகளை அரைத்துப் பூசியிருக்கிறார்கள். பை தூக்கி வரும் கல்லூரி மாணவரைப் பார்த்து ‘கல் திருடுகிறான்’ என்று பொங்குகிறவர்கள், ஒரு டிப்பர் லாரி ஒரு நடையில் ஏற்றிப் போவதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் சுரங்கத்தை மட்டும் வில்லனாக்கினாலும் கதை முழுமையாகாது. தட்டையான இந்தப் பூமியில் அடுக்குகளைச் செங்குத்தாக வெட்டிக் காட்டுபவை சுரங்கச் சுவர்களே. கல்லக்குடிச் சுரங்கம் இல்லாவிட்டால், கடல் முதன்முதலில் உள்ளே வந்த காலத்துப் பவளப் பாறைகளை யாரும் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. அந்த அடுக்குக்கு நூல்களில் இன்றும் ‘டால்மியாபுரம்’ என்றே பெயர், ஊருக்குக் கல்லக்குடி என்றே பெயர் வேண்டுமென்று 1953-இல் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்து நடத்திய போராட்டம் நிலவியலாளர்கள் காதில் விழவில்லை. சுரங்கச் சுவரில் இன்று தெரிவது அடுத்த வெடிக்குப் பிறகு இருக்காது. ஆகவே சுரங்கத்துக்குள் விடும்போது பொறுக்குவதில் தவறில்லை, பொறுக்காமல் விடுவதுதான் தவறு. ஓடையில் அப்படி அல்ல. இரண்டுக்கும் ஒரே சட்டம் எழுத நினைத்தால் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும்.

அடுத்து, முட்டை விவகாரம். செந்துறை அருகே டைனோசர் முட்டைக் குவியல்கள் கிடைத்ததாக 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அன்று முதல் இந்தப் பக்கம் உருண்டையாக எது கிடைத்தாலும் முட்டைதான். 2020 அக்டோபரில் குன்னம் அருகே குளம் வெட்டும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. வாட்ஸ்அப்பில் ‘டைனோசர் முட்டை’ ஊரைச் சுற்றியது, கூட்டம் கூடியது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, அது அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிப் படிந்த படிவு உருண்டை என்றார்கள். செத்த சிப்பியைச் சுற்றிச் சேற்றிலிருந்த சுண்ணாம்பு பல்லாயிரம் ஆண்டுகள் கூடிக் கூடி உருண்டையாவது அது. ஏமாற்றத்தோடு கலைந்த கூட்டத்துக்குத் தெரியாதது ஒன்று உண்டு: சில உருண்டைகளின் நடுவில் நசுங்காத முழு அம்மோனைட் இருக்கும். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் அப்படிப்பட்ட கற்களைத்தான் சாளக்கிராமம் என்று கொண்டுவந்து பூஜை அறையில் வைக்கிறோம்.

முட்டையைவிடப் பெரிய கதை கல்லமேட்டில் நடந்தது. 1920-களில் சார்லஸ் மேட்லி அங்கே டைனோசர் எலும்புகளைத் தேடினார். அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யசாமியும் அங்கே தோண்டியபோது கிடைத்தவை நம்பமுடியாத அளவில் இருந்தன. கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். 1987-ஆம் ஆண்டு ஆய்வுரையில் அந்தப் பிராணிக்குப் ‘புருகத்காயோசாரஸ் மேட்லியி’ என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று பிறகு திருத்தப்பட்டது. சொன்ன அளவு சரியென்றால், தரையில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. ஆனால் எலும்புகள் இருந்தது கல்லில் அல்ல, தண்ணீர் பட்டால் ஊதிச் சுருங்கும் களிமண்ணில். மழை ஈரத்தில் அவை நொறுங்கி, அருங்காட்சியகத்தின் அலமாரிக்குப் போகவே இல்லை. காணாமல்போன எலும்பை வெளிநாட்டு ஆய்வாளர்கள் நம்பத் தயங்கினார்கள். அது எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டு என்று சந்தேகித்தவர்களும் உண்டு. தோண்டும்போது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் ஓர் ஆய்வுரையில் வெளியான பிறகுதான் சந்தேகம் ஓரளவு தணிந்தது. இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய வேட்டையில் மிஞ்சியவை சில படங்கள், சில கோட்டோவியங்கள், அளவுக் குறிப்புகள். அவையும் இல்லையென்றால் அப்படி ஒரு பிராணி இருந்ததாகச் சொல்ல ஒருவருக்கும் வாயிருக்காது.

மரத்துண்டு என்று சந்தேகிக்கக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டுபிடித்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. கடலில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்து கல்லான மரம். அதைச் சுற்றி வேலியும் அறிவிப்புப் பலகையும் காவலும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்து அம்மோனைட் மையத்தையும், அரியலூர் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பயணத்தின் கடைசியில் அல்லாமல் முதலில் வைத்தால் நல்லது. அங்கே கண் பழகிய பிறகுதான் ஓடையில் பார்ப்பது கல்லா, ஓடா என்று பிடிபடும். புதியவர்கள் முதல் ஒரு மணி நேரம் எதையும் காண்பதில்லை. அதற்குப் பிறகு காலடி வைக்க இடமில்லாமல் கிடக்கும்.

பையில் என்ன எடுத்துப்போவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. சுத்தியல் வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி, சுரங்கத்துக்குப் போனால் தவிர. ஓடையில் மழை ஏற்கெனவே தட்டி எடுத்துவிட்டதைச் சுத்தியல் உடைக்கத்தான் செய்யும். நோட்டு, பென்சில், செல்போன், அளவு காட்ட ஒரு ரூபாய் நாணயம், நிறையத் தண்ணீர் போதும். கிடந்தபடியே ஒரு படம், நாணயத்தோடு ஒரு படம், கொஞ்சம் தள்ளி நின்று ஓடைச் சுவரோடு ஒரு படம். அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர், புல எண். எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், சுற்றியுள்ள மண்ணைக் கிளறாமல், வாரணவாசிக்கோ சென்னையிலுள்ள நிலவியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ படத்தோடு தகவல் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வருவதற்குள் மழை வந்துவிடும் என்ற பயம் இருக்கத்தான் செய்யும், கல்லமேட்டுக் கதை தெரிந்தவருக்கு இன்னும் அதிகமாக. அதற்காகவாவது படங்களைத் தெளிவாக எடுத்துக்கொள்ளலாம்.